கை சொன்ன எடை

அந்த லாண்டரியில் மின்தராசு ஒன்று உண்டு. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குத் தராசக்காவைத்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் துணி மூட்டையை அவள் இரண்டு கையாலும் அணைத்து ஒரு சாண் உயரம் தூக்குவாள். "பதினெட்டரை" என்பாள். தராசில் வைத்தால் பதினெட்டரை காட்டும். ஒருமுறை தராசு பத்தொன்பது என்று அடம்பிடித்தது. பழுது பார்க்க வந்தவர் தட்டைக் கழற்றிப் பார்த்தால், அடியில் ஒரு துணி ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வைத்த பெயர்தான் தராசக்கா. அவளைவிட ஆறு வயது மூத்த சூப்பர்வைசர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அந்த 'அக்கா'வில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

"எப்படிக்கா கரெக்டா சொல்றீங்க?" என்று புதிதாகச் சேரும் பெண்கள் கேட்பார்கள்.

"நான் எங்க சொல்றேன்? கை சொல்லுது. நான் வாயால ஒப்பிக்கிறேன், அவ்வளவுதான்."

இருபத்தாறு வருஷம் அந்தக் கை பொய் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்ட கை சொன்னதை அவள் ஒரே ஒருவர் விஷயத்தில் நம்பாமல் போனாள். நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவள் அதை நினைக்காத நாள் இல்லை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் கூண்டுகளில், பராமரிப்பு அட்டையில் அவர் கையெழுத்து இருக்கும். வாய் ஓயாமல் கேலி பேசுகிற மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது வாதம் வந்து, வலது கையும் வலது காலும் படுத்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறியது. கேலி மட்டும் குழறவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, அவள் அவரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். கை வழக்கம்போலத் தானாகவே சொன்னது: எழுபத்திரண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். எழுபத்திரண்டுதான்.

"கட்டின புருஷனையும் மூட்டைன்னு முடிவு பண்ணிட்டியா?" என்றார் அவர்.

"மூட்டை வாய் பேசாது."

அதன்பிறகு தினமும் ஐந்து தடவை அந்தத் தூக்கல். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை, அங்கிருந்து திரும்ப நாற்காலி, அப்புறம் கட்டில், சாயங்காலம் ஜன்னல் பக்கம். அவர் இடது கையை அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, "லிஃப்ட் ரெடியா?" என்பார். "எந்த மாடிங்க?" என்று இவள் கேட்பாள். "பாத்ரூம் மாடி" என்பார். பகலில் அவள் வேலைக்குப் போயிருக்கும்போது மேல்வீட்டில் இருந்த ரிட்டயர்டு தபால்காரர் இறங்கி வந்து, அவள் மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக் கொடுப்பார். அவரை இருவரும் அண்ணன் என்று கூப்பிட்டார்கள்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தூக்குவதற்காகக் குனிந்தவளுக்கு இடுப்பில் ஏதோ பளிச்சென்று அறுந்த மாதிரி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அசைய முடியவில்லை. அவர் கட்டிலில் பாதி எழுந்த நிலையில் கிடந்தார், இவள் கீழே. இவளால் அவரைத் தூக்க முடியாது, அவருக்கு இவளைத் தொடக்கூட எட்டாது. முதலில் இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் அழுதார். வாதம் வந்தபோதுகூட அழாத ஆள். பேப்பர் கொடுக்க வந்த அண்ணன் கதவைத் தட்டும்வரை ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்தார்கள்.

முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். கனம் தூக்கக் கூடாதாம்.

"சார், நான் லாண்டரில மூட்டை தூக்கறேன். வீட்டுல எழுபத்திரண்டு கிலோவுல வீட்டுக்காரர் இருக்காரு."

"ரெண்டுல ஒண்ணை விடும்மா."

லாண்டரியில் அவளை மடிப்பு மேசைக்கு மாற்றினார்கள். மடித்துக் கட்டிய சின்னக் கட்டுகள், எட்டு கிலோ, பத்து கிலோ. வீட்டில் எதை விடுவது? வெளியூரில் இருந்த மகள் பத்து நாள் லீவு போட்டு வந்து, அண்ணனும் அவளுமாகச் சமாளித்தார்கள். போகிற அன்று மகள் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தாள். "அம்மா, அப்பாவை ஒரு ஹோம்ல சேர்த்துடலாமா? நல்ல இடமா இருக்குன்னு சொல்றாங்க. நீ தினம் போய்ப் பார்த்துக்கலாம்."

அவர் அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மகள் போன பிறகு சொன்னார்: "அந்த ஹோம் எனக்குத் தெரியும். மூணாவது மாடில ஒரு பெரியவர் நாள் முழுக்க லிஃப்ட் பட்டனை அமுக்கிட்டே நிப்பார். கீழ போகணும், வீட்டுக்குப் போகணும்பார். ஒருநாள் ஆபீஸ்ல என்னைக் கூப்பிட்டு, அந்த மாடில கீழ போற பட்டனோட ஒயரைக் கழட்டிடச் சொன்னாங்க. கழட்டினது நான்தான். அதுக்கப்புறமும் அவர் அமுக்கிட்டுத்தான் நின்னார். விளக்கு எரியாது. அமுக்குவார்."

"நான் உங்களை எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்றாள் அவள்.

"உன் முதுகு அனுப்பிடும்."

டாக்டர் மூன்று மாதம் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் பயிற்சியில் தேறினால் சரி, இல்லையென்றால் அறுவைசிகிச்சை. அப்புறம் யாரையும் எதையும் தூக்குகிற பேச்சே இல்லை. அதாவது ஹோம். அவள் தேறும்வரை, அவரைத் தூக்கி மாற்ற அண்ணன் காலையும் மாலையும் இறங்கி வந்து உதவினார். இந்த நிலையில்தான் அவள் ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் நடந்த பிலாட்டீஸ் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

அந்தப் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. வீட்டில் வந்து "பிளேட்டீசு" என்றாள். அவர் விடுவாரா? அன்றிலிருந்து அது பிளேட்டு கிளாஸ். "பிளேட்டை எடுத்துக்கிட்டியா? கழுவி எடுத்துட்டு வா" என்று ஒவ்வொரு தடவையும் வழியனுப்பினார்.

வகுப்பு நடத்தியவள் அவள் வயதுக்காரிதான். பிசியோதெரபி படித்தவள், கறார்ப் பேர்வழி. எல்லோரும் டீச்சர் என்றார்கள். முதல் நாள், மெத்தென்ற பாயில் மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னாள். இடுப்புக்கு அடியில் உள்ளங்கை நுழைகிற அளவு வளைவு இருந்தால் போதும், அதை அழுத்தவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம் என்றாள். ஒரு துண்டை விலாவைச் சுற்றிக் கட்டினாள். தராசக்கா அதன் ஓரத்தைப் பார்த்தாள். அவர்கள் லாண்டரிக் குறிதான்.

"மூச்சை இழுத்தா வயிறு உப்பக் கூடாது, விலா பக்கவாட்டுல விரியணும். துண்டு இறுகணும். இப்ப மூச்சை விடுங்க. விடும்போது அடிவயித்தை மெதுவா உள்ள இழுத்துக்கணும், ஜிப்பு போடற மாதிரி, கீழருந்து மேல. எக்கிப் பிடிக்காதீங்க. மெதுவா."

தராசக்கா பிடித்துவிட்டாள். மூச்சையும் சேர்த்துப் பிடித்துவிட்டாள். டீச்சர் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நீங்க கனம் தூக்கறப்ப மூச்சைப் பிடிச்சுப்பீங்களா?"

"மூச்சைப் பிடிச்சுத்தானே டீச்சர் தூக்கணும்? உலகமே அப்படித்தானே தூக்குது."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு."

"சரிதான்" என்று டீச்சர் பெருமூச்சு விட்டாள். பிறகு விளக்கினாள். முதுகுக்கு உள்ளே, எலும்பை ஒட்டியே, வெளியே தெரியாத தசைகள் இருக்கின்றன. அடிவயிற்றிலும் இடுப்புக்கூட்டின் தளத்திலும் அதே மாதிரி. இவையெல்லாம் சேர்ந்துதான் நடு உடம்பைக் கச்சை கட்டின மாதிரி பிடித்துக்கொள்கின்றன. அவை சோம்பிப்போனால் பாரமெல்லாம் எலும்பின் தலையில் விழுகிறது. பிலாட்டீஸ் என்பது அந்தத் தசைகளை எழுப்பி வேலை வாங்குகிற வித்தை. பெரிய அசைவு கிடையாது, வேகம் கிடையாது. சின்ன அசைவு, கவனம், மூச்சு. பாரம் வரும்போது மூச்சு வெளியே போக வேண்டும்.

"இதுல மாயம் ஒண்ணும் இல்ல. உடம்பு இளைக்க வந்தவங்க ஏமாந்துடுவீங்க. வாரத்துக்கு மூணு நாள் விடாம வந்தா, ரெண்டு மாசத்துல உங்க உடம்பு உங்க பேச்சைக் கேக்க ஆரம்பிக்கும். அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

பிலாட்டீஸ் என்பது இதைத் தொடங்கி வைத்த மனிதருடைய குடும்பப் பெயராம். ஏதோ ஒரு போர்க்காலத்தில், படுக்கையில் கிடந்த நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங்கைக் கட்டி, படுத்தபடியே கையையும் காலையும் இழுக்கவைத்தார் என்று ஒரு கதை உண்டு என்றாள் டீச்சர். வீட்டில் வந்து சொன்னதும் மெக்கானிக்குக்கு ஏக குஷி. "அப்ப அது கட்டில்ல கிடக்கிற எனக்குப் பண்ணது! நீ என் சொத்தைப் போய் அனுபவிச்சிட்டு வரே."

தராசக்கா விடாமல் போனாள். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்க வேண்டும், ஆனால் மொத்தமாகத் தூக்கக் கூடாது. முதுகெலும்பு ஒவ்வொரு மணியாகப் பாயிலிருந்து பிரிந்து எழ வேண்டும், ஒவ்வொரு மணியாக இறங்க வேண்டும். முதல் வாரம் அவளுக்கு முதுகு ஒரே பலகையாகத்தான் எழுந்தது. மண்டியிட்டுக் கையூன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்ட வேண்டும், முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டு. அவள் டம்ளர் முதல் மாதம் முழுக்கக் கொட்டியது. அப்புறம் கொட்டவில்லை. ஆறாவது வாரம், தண்டவாளத்தில் ஓடும் பலகையும் ஸ்பிரிங்கும் வைத்த மெஷினில் ஏற்றினார்கள். காலால் தள்ளினால் பலகை போகும், ஸ்பிரிங் திரும்ப இழுக்கும். அது இழுக்கிற இழுப்புக்கு விட்டுக்கொடுக்காமல் மெதுவாகத் திரும்பி வருவதுதான் அதில் சூட்சுமம்.

பலன் தெரிந்தது, அதில் சந்தேகமே இல்லை. மூன்றாவது வாரத்தில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினாள். ஐந்தாவது வாரம் லிஃப்டில் போகாமல் மாடிப்படி ஏறி வகுப்புக்குப் போனாள். தும்மினால் ஒரு சொட்டு நழுவுகிற தொல்லை, மகள் பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாத தொல்லை, ஒருநாள் பார்த்தால் இல்லை. கூன் போட்டு நின்றவள் நிமிர்ந்து நின்றாள். "தராசக்கா, நீங்க இவ்வளவு உயரமா?" என்றார் சூப்பர்வைசர்.

ஏழாவது வாரம் டீச்சர் அவளுக்குத் தூக்கக் கற்றுக்கொடுத்தாள். முழங்காலை மடக்கி, அவரை உடம்போடு ஒட்டி அணைத்து, மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும்.

"வீட்டுல அவரையே சொல்லச் சொல்லுங்க. ஒண்ணு, ரெண்டு, மூச்சை விடுன்னு."

இதில்தான் ஒரு சிக்கல் வந்தது. படுக்கையில் கிடக்கிற மனிதரை அணைத்துக்கொண்டு, மூச்சை விடு என்கிற பேச்சா? யார் வாயால் வந்தாலும் எமன் காதில் விழாதா? அவளால் அந்தச் சொல்லை அந்த அறைக்குள் கொண்டுபோக முடியவில்லை. யோசித்து வேறு ஒரு சொல்லைக் கண்டுபிடித்தாள்: ஊது. அவள் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவாள். அவர் "ஊது" என்பார். இவள் அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதிக்கொண்டே எழுவாள். சில சமயம் அவர் வேண்டுமென்றே தாமதிப்பார். இவள் பாதி குனிந்து காத்துக்கொண்டிருப்பாள். "சொல்லித் தொலைங்க" என்றதும் "ஊது" என்பார்.

எட்டாவது வாரம் ஒரு சாயங்காலம், அவரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றிவிட்டு அவள் அப்படியே நின்றாள். வலிக்கவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அறை நடுவில் நின்று சிரித்தாள். "என்னங்க, வலிக்கவே இல்லைங்க! உங்களைத் தூக்கினதே தெரியலைங்க. துணிக்கட்டு மாதிரி வந்துட்டீங்க!"

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிளேட்டு கிளாஸ் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார்.

கை அன்றைக்கே சொன்னது: அறுபது. அவள் அதைக் கேட்கத்தான் கேட்டாள். ஆனால் கைக்குப் பலம் ஏறினால் கனம் குறைந்த மாதிரித்தானே தெரியும் என்று சமாதானம் செய்துகொண்டாள். பதினோராவது வாரம் கை ஐம்பத்துமூன்று என்றது. அவளுக்கே லேசாக உறுத்தியது. கேட்டாள்.

அவரிடம் பதில் தயாராக இருந்தது. "லிஃப்ட் எப்படி மேல போகுதுன்னு நினைச்சே? மோட்டார் ஒண்டியா இழுக்குதா? மறுபக்கம் ஒரு கவுண்டர் வெயிட் தொங்கும். கூண்டு ஏறினா அது இறங்கும். பாதி பாரத்தை அது வாங்கிக்கும். மோட்டாருக்கு நோகாது. அந்த மாதிரி, நீ ஊதும்போது நான் நல்ல காலை ஊன்றி எழும்பிக்கறேன். அதான் உனக்கு லேசா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கறோம்டி."

அவள் நம்பினாள். நம்பத்தான் ஆசைப்பட்டாள். டாக்டர் அறுவைசிகிச்சை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த சீட்டை அவர் தலைமாட்டில் ஒட்டி வைத்தாள். சட்டை தொளதொளத்தபோது, படுத்தே கிடந்தால் சதை வற்றத்தான் செய்யும் என்று அவர் சொன்னதையும் நம்பினாள். காலையில் இரண்டு வாய், ராத்திரி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "மத்தியானம் அண்ணன் மூக்கு முட்டக் கொடுத்துட்டார்" என்று சொன்னதையும் நம்பினாள். மத்தியானப் பாத்திரம் தினமும் காலியாகத்தான் இருந்தது.

நான்காவது மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்து இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நாற்காலித் தராசில் உட்காரவைத்தார்கள். "நாற்பத்திமூணு" என்றாள் நர்ஸ்.

"தராசு சரியில்லைம்மா" என்றாள் தராசக்கா.

"போன வாரம்தான் செக் பண்ணினாங்க."

தராசக்கா தான் கொண்டுவந்திருந்த பையைத் தூக்கினாள். மாற்றுத்துணி, பிளாஸ்க், போர்வை. ஆறு கிலோ. அவரை இறக்கச் சொல்லிவிட்டுப் பையைத் தராசில் வைத்தாள். ஆறு என்று காட்டியது. அவள் எண்ணைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. லாண்டரியில் மடிப்பு மேசையில் அவள் தினமும் கட்டுகளைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள். ஒன்பதரை என்றால் ஒன்பதரைதான் காட்டியது. எட்டு என்றால் எட்டு. கைக்குப் பலம் ஏறியதால் எல்லாம் லேசானது என்றால், அந்தக் கட்டுகளும் அல்லவா லேசாகியிருக்க வேண்டும்? உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் லேசாகிக்கொண்டே வந்தது. தராசு என்று பேர் வாங்கினவளுக்கு அது தெரியவில்லை.

"வீட்டுல சாப்பாடு ஒழுங்கா கொடுத்தீங்களா இல்லையா?" என்று நர்ஸ் கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

வயிற்றில் கட்டி என்றார்கள். நாலைந்து மாதமாகவே சாப்பாடு இறங்கியிருக்காது, முற்றிவிட்டது, இனி வலிக்கு மருந்து கொடுக்கலாம், வேறு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். முன்னாலேயே வந்திருந்தால்? கொஞ்ச நாள் கூடக் கிடைத்திருக்கலாம் என்றார் டாக்டர். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அண்ணன் வராந்தாவில் நின்று அழுதார். "சாப்பாட்டை எடுத்துட்டுப் போங்கன்னு தினம் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரும்மா. அவ தேறி வரட்டும், அப்புறம் நானே சொல்றேன்னார். நான்தான் பாத்திரத்தைக் காலி பண்ணேன். என்னை மன்னிச்சிடு."

அவள் உள்ளே போனாள். கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"தெரியுமா உங்களுக்கு?"

"கட்டின்னு தெரியாது. என்னமோ சரியில்லன்னு தெரியும்."

"கவுண்டர் வெயிட்டுன்னு சொன்னீங்களே."

அவர் இடது கையால் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏங்க சொல்லல?"

"அன்னைக்கு நீ சிரிச்சியே, இடுப்புல கைய வச்சுக்கிட்டு. ரெண்டு வருஷத்துல நீ அப்படிச் சிரிச்சு நான் பார்க்கல. அதைப் பார்த்துட்டு, அது உன் பலம் இல்லடி, நான் தேஞ்சுட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே கூட்டிட்டு வந்திருப்பேன்ல!"

"வந்திருந்தா திரும்ப வீட்டுக்கு விட்டிருப்பாங்களா?"

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. "நீங்க எனக்கு நல்லது பண்ணல. என் கையை நானே நம்பாதபடி பண்ணிட்டீங்க. நீங்க எனக்கு நல்லதே பண்ணல" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். அவர் இடது கையை நீட்டினார். கொஞ்ச நேரம் அவள் அதைப் பிடிக்கவில்லை. அப்புறம் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கொடுத்த வாக்கு அது. பத்தொன்பது நாள் இருந்தார், தன் கட்டிலில், தன் ஜன்னல் பக்கத்தில். மகள் வந்து கூடவே இருந்தாள். தூக்குகிற வேலையைத் தராசக்கா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒண்ணு, ரெண்டு. "ஊது" என்று அவர் சொல்லச் சொல்ல, குரல் குறைந்து, கடைசியில் உதடு மட்டும் குவிந்தது. கை தினமும் சொன்னது. இப்போது அவள் ஒவ்வொன்றையும் கேட்டாள். நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. நாற்பது.

கடைசி நாள் காலையில் விரிப்பு மாற்றுவதற்காக அவரை அணைத்தாள். ஒண்ணு, ரெண்டு என்றாள். காத்திருந்தாள். வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். "சொல்லித் தொலைங்க" என்றாள். மறுபடி எண்ணினாள். மகள் வாசலில் நின்று, "என்னம்மா ஆச்சு? ஏன் அப்படியே நிக்கறே?" என்றாள். அன்று மூன்று மணிக்கு அவர் போய்விட்டார். லாண்டரிக்குச் சொன்னபோதும் அவள் போயிட்டார் என்றுதான் சொன்னாள். மூச்சு என்ற சொல்லைப் பக்கத்தில் வரவே விடவில்லை.

ஆறு வாரம் கழித்துப் பிலாட்டீஸ் வகுப்புக்குப் போனாள். பாய் விரிக்கவில்லை. டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. என் முதுகு நிஜமாவே தேறிச்சா? இல்ல, அவர் இளைச்சதை நான் தேறினதா நினைச்சுக்கிட்டேனா?"

டீச்சர் அவளைப் படுக்கவைத்துச் சோதித்தாள். இடுப்பைத் தூக்கச் சொன்னாள். மணி மணியாக எழுந்தது. மண்டியிட்டுக் கையையும் காலையும் நீட்டச் சொன்னாள். டம்ளர் அசையவில்லை. முதல் நாள் எழுதிவைத்த கணக்கை எடுத்துக் காட்டினாள். எத்தனை நொடி தாக்குப்பிடித்தாள், எவ்வளவு குனிய முடிந்தது, எல்லாம்.

"நிஜமாத்தான் தேறியிருக்கீங்க. எழுபத்திரண்டு கிலோவை உங்களைத் தனியா தூக்கச் சொல்லியிருக்க மாட்டேன், அது யாருக்கும் நல்லதில்ல. ஆனா உங்க முதுகு நிஜம். அது அவர் கொடுத்தது இல்ல. நீங்க சம்பாதிச்சது."

அதைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏமாந்துபோயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. முதுகு நிஜமாகவே சரியாகியிருந்தது. யாருக்காகச் சரியானதோ அவர் இல்லை.

லாண்டரியில் யாரும் அவளிடம் எடை கேட்பதில்லை. சூப்பர்வைசர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தராசு அணைந்துவிட்டது. வேன் வாசலில் நிற்கிறது, ஆஸ்பத்திரிக்கு அவசரம். புதிதாகச் சேர்ந்த வேன் டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. "நீங்கதான் தராசக்காவா? ஒரு கை பார்த்துச் சொல்லுங்கக்கா" என்று, சக்கர வண்டியில் இருந்த பெரிய மூட்டையைக் காட்டினான். மடிப்பு மேசைப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவள் போனாள். முழங்காலை மடக்கி, மூட்டையை நெஞ்சோடு அணைத்து, ஒண்ணு, ரெண்டு என்று மனதுக்குள் எண்ணினாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு தானே ஊதினாள். மூட்டை எழுந்தது.

"நாற்பது" என்றாள்.

"சரிக்கா, எழுதிக்கறேன். கீழ வைங்க."

அவள் வைக்கவில்லை.

"அக்கா, கீழ வைங்க. கனமா இருக்கும். முதுகு வலிக்கப் போகுது."

"வலிக்கல" என்றாள் தராசக்கா. மூட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றபடி சொன்னாள். "கொஞ்சம்கூட வலிக்கலப்பா."